விளிம்பில் பெயருள்ள பதக்கம்: விற்கலாமா, வீட்டாரைத் தேடணுமா?

கேள்வி: தொண்டியில் இருந்து எழுதுகிறேன். பழைய நாணயங்களும் தபால்தலைகளும் சேர்ப்பவன். காயலான் கடையில் பித்தளைச் சாமான்களோடு கிடந்த மூன்று ராணுவப் பதக்கங்களை 350 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு நட்சத்திர வடிவம், ஒன்று வட்டம். மூன்றிலும் ஒரே எண், ஒரே பெயர். திருவாடானைப் பக்கம் பழைய வீடு ஒன்றை இடித்தபோது வந்தது என்கிறார் கடைக்கார பாய். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் 'பர்மா' என்று எழுதிய நட்சத்திரத்தை மட்டும் 6,000 ரூபாய்க்குக் கேட்கிறார். விற்பது சரியா? அந்த வீட்டாரைத் தேடுவது என் பொறுப்பா?

பதில்: நீங்கள் விற்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் நட்சத்திரத்தை மட்டும் தனியே பிரித்து விற்காதீர்கள். வீட்டாரைத் தேட மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். கிடைத்தால் 350 ரூபாய்க்கே கொடுங்கள். இது எங்கள் கருத்து, சட்டமல்ல. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்குக் காரணம் அந்தப் பதக்கங்களிலேயே பொறித்திருக்கிறது.

உங்களிடம் இருப்பவை 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், இரண்டாம் உலகப்போரின் பொதுப் பதக்கம் ஆகிய மூன்றாகத்தான் இருக்க வேண்டும். இதே பதக்கங்களை இங்கிலாந்துச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொறித்துக் கொடுத்தார்கள். பெயரில்லாத நட்சத்திரம் யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதை விற்பவரை யாரும் குறை சொல்லவும் முடியாது. உங்களுடையதில் பெயர் இருக்கிறது. தேட வழி இருக்கும்போது தேடாமல் விற்பதுதான் உறுத்த வேண்டிய இடம்.

பிரித்து விற்பதைப் பற்றி. பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போர்க்களச் சேவைக்கானது. சேகரிப்பாளர்கள் அதைத்தான் கேட்பார்கள்; மற்ற இரண்டும் டப்பாவில் தங்கிவிடும். பிறகு ஒன்று வெளிநாட்டிலும் ஒன்று மதுரையிலும் ஒன்று உருக்கும் உலையிலுமாகப் போகும். அப்படிச் சிதறியதை மறுபடி ஒன்று சேர்ப்பது அநேகமாக நடக்காத காரியம். பதக்க வணிகத்தில் நடக்கும் பெரிய கெடுதல் போலிகூட இல்லை, இந்தப் பிரிப்புதான். வட்டப் பதக்கத்தின் ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி என்று நம்பி யாராவது உரசிப் பார்த்திருப்பார்கள். அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். நகைக்கடையில் விலை போகாது. அது தப்பிப் பிழைத்ததே அதனால்தான். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அசல் வெள்ளி. 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க அவை ஏராளமாக உருக்கப்பட்டன.

முதலில் கடைக்கார பாயிடம் தேதி போட்டு ஒரு ரசீது வாங்குங்கள்: என்ன பொருள், எத்தனை, எவ்வளவு ரூபாய், எங்கிருந்து வந்தது. நாளைக்கு அது திருட்டுப் பொருள் என்று யாராவது புகார் கொடுத்தால், தெரிந்தே வாங்கினீர்களா என்பதுதான் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் கேள்வியாகும். அந்தச் சீட்டு அப்போது கைகொடுக்கும். பொருள் வீட்டிலிருந்து வராமல் மண்ணுக்குள் புதைந்து கிடைத்திருந்தால் கதை வேறு. தனுஷ்கோடி மணலில் எதையாவது தோண்டி எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து, எழுத்தைப் படியுங்கள். நட்சத்திரத்தில் பின்பக்கமும் வட்டத்தில் விளிம்பிலும் இருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். 'எஸ்.பி.ஆர்.' என்றால் சாப்பர், அதாவது பொறியியல் படைச் சிப்பாய்; பிரிவு 'ஐ.இ.' என்றால் இந்தியன் இன்ஜினியர்ஸ். நம் பக்கத்து ஆட்கள் என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் சாப்பர்ஸ். 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றால் லாரி ஓட்டியவர்களும் ரேஷன் சுமந்தவர்களும் இருந்த சர்வீஸ் கோர். 'ஐ.ஏ.எம்.சி.' மருத்துவப் பிரிவு. பெயரை நம்பாதீர்கள். இனிஷியல் இருக்காது, ஊர் இருக்காது, ராமசாமியையும் முகம்மதையும் சூசையையும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எண்தான் ஆதாரம். அதையும் பிரிவோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதுவும் தேட முடியாது.

தேடலை அவர் போரிலேயே இறந்தாரா என்பதிலிருந்து தொடங்குங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் இருக்கிறார்கள், தேட கட்டணம் இல்லை. பர்மாவில் இறந்து கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் ரங்கூன் நினைவகத்தில் இருக்கின்றன. அங்கே மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். இந்தியப் பெயர்கள் பலவற்றின் கீழே தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும் கொடுத்திருப்பார்கள். ராமநாதபுரம் என்று தட்டினால் வராது, 'ராம்நாட்' என்று தட்டுங்கள். இன்னொன்று: அன்றைய ராம்நாட் இன்றைய ராமநாதபுரம் அல்ல. 1985-இல்தான் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. பட்டியலில் ராம்நாட் என்றிருப்பவர் காரைக்குடிக்காரராகவோ சிவகாசிக்காரராகவோ இருக்கலாம்.

பட்டியலில் இல்லையென்றால் அநேகமாக உயிரோடு திரும்பியவர். ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் மாநில அரசு மாதாந்திர நிதியுதவி தருவதால் அங்கே பெயர்ப் பட்டியல் உண்டு. முகவரி கேட்காதீர்கள்; கேட்டாலும் தரக்கூடாது. குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டாத உறையில் கொடுத்து, அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அதோடு படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கும் எழுதுங்கள்: சாப்பர் என்றால் பெங்களூரு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். இங்கேதான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவரின் சேவைத்தாள்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். 'ஆவணம் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும். ஆகவே கடிதத்தில் 'லாங் ரோல்' என்ற பேரேட்டைப் பார்க்கும்படி குறிப்பிட்டுக் கேளுங்கள். அது நிரந்தரமாக வைக்கப்படுவது.

ஊருக்குள் விசாரிக்க ஜமாத், பங்குச் சாமியார், ஊர்த் தலைவர் இவர்களே போதும். வாட்ஸாப்பில் போடுவதென்றால் பெயரையும் பிரிவையும் மட்டும் போடுங்கள், எண் தெரியும் படத்தைப் போடாதீர்கள். படத்தைப் போட்டால் இரண்டே நாளில் நான்கு பேரன்கள் வந்து நிற்பார்கள். உரிமை சொல்லி வருபவரிடம் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், சீருடைப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எண் பொருந்தினால் போதும். ஒரு வீட்டில் பல வாரிசுகள் இருந்தால் மூத்தவர் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம், சண்டையும் அங்கேதான் தொடங்கும். வாரிசுச் சான்றிதழ் இருந்தால் ஒரு நகல் வாங்கிக்கொண்டு, இன்னாரிடம் கொடுக்கச் சம்மதம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

விலை பற்றி நேராகவே சொல்கிறோம். இலவசமாகக் கொடுக்க வேண்டியதில்லை. போட்ட 350 ரூபாயும் போக்குவரத்துச் செலவும் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் 'வெளிநாட்டில் 6,000 தருகிறார்கள்' என்று பேரனிடம் பேரம் பேசினால், தாத்தாவின் பெயரையே அவர் குடும்பத்துக்கு விற்பதாகிவிடும். 'எங்களுக்கு வேண்டாம், நாங்கள்தான் காயலான் கடைக்குப் போட்டோம்' என்று அவர்கள் சொல்லவும் கூடும். அது நடப்பதுதான்; அதைக் கேட்டு அவர்களைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்தச் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்றையும் சேர்த்தே, நீங்கள் தேடித் தெரிந்துகொண்ட விவரத்தாளோடு விற்கலாம். படைப்பிரிவு அருங்காட்சியகத்துக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுப்பதென்றால் பெறுகைச் சீட்டு கேளுங்கள், காட்சிக்கு வைப்பார்களா கிடங்குக்குப் போகுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. உங்களுடையவை இன்னும் தாண்டவில்லை, ஆனாலும் சுங்கத்தில் நிறுத்தினால் தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்று கேட்பார்கள்.

சேகரிப்பைத் தொடர்வதென்றால் இரண்டு வகையை வாங்கவே வாங்காதீர்கள். பணியிலிருக்கும் சிப்பாய் தன் பதக்கத்தை விற்பதும் அடகு வைப்பதும் ராணுவச் சட்டம் 54-ஆம் பிரிவில் குற்றம். வீர் சக்ரா போன்ற வீரப் பதக்கத்தை ஒரு வீரரின் மனைவி விற்க வந்தால் அவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தப் பதக்கத்துக்கு மாதப் படி உண்டு, வீரருக்குப் பின் மனைவிக்கும் அது சேரும். பணக்கஷ்டத்தில் வந்திருப்பார், படி வருகிறதா என்று நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லி அனுப்புங்கள். மற்றொன்று 'நேதாஜி படைப் பதக்கம்'. பர்மா, மலேயா போய் வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் நம் கரையில் இதை உணர்ச்சியோடு விற்கிறார்கள். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் பெயரிலான பதக்கங்களைச் செய்தது வியன்னாவில் இருந்த சௌவால் நிறுவனம். போருக்குப் பிறகும் அதே அச்சில் அடித்தார்கள், இன்று சந்தையில் சுற்றுவது பெரும்பாலும் அந்த மறு அச்சுதான். தாத்தா நேதாஜி படையான ஐ.என்.ஏ.வில் இருந்தது உண்மையாக இருக்கலாம். அதனால் பதக்கம் உண்மையாகிவிடாது.

கடைசியாக, தேடி முடிக்கும் வரை அவற்றை உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பிராஸோ எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க முதலில் மறைவது பெயர்தான். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். பி.வி.சி. உறையில் போட்டால் அது அமிலம் கக்கும், பச்சைப் பிசின் படியும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள். ஒரு லிட்டர் காற்றுப்புகா டப்பாவில் 25 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் வைத்து, பச்சையானதும் மாற்றுங்கள்; தொண்டிக் காற்றுக்கு மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். நட்சத்திரத்தில் வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தால் அது களிம்பு அல்ல, உப்பு உள்ளே இறங்கி அரிக்கிறது. அதை மற்ற இரண்டோடு சேர்த்து வைக்காதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் ஆலோசனை கேளுங்கள். ரிப்பன் எவ்வளவு நைந்திருந்தாலும் துவைக்காதீர்கள், புதிதாக மாற்றாதீர்கள். அந்த வீட்டில் வயதான பெண்மணி யாராவது இருந்தால், எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் அந்த ரிப்பனைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடும்.