வாசகர் கேள்விகள்: கசிவை அடைக்கும் பாக்டீரியா

கேள்வி: பூமிக்கு அடியில் செலுத்திவைக்கும் கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் பாக்டீரியாவை அனுப்பி அடைக்கலாம், அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். நடக்கிற காரியமா? கணினியில் அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்?
– வேதியியல் ஆசிரியை, கும்பகோணம்

நடக்கிற காரியம்தான், டீச்சர். நிஜக் கிணறு ஒன்றிலேயே பாறை விரிசலை இப்படி அடைத்துப் பார்த்துவிட்டார்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நார்வேயில் 1996 முதல் வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில், கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் கீழே இருக்கும் மணற்பாறைக்குள் இந்த வாயுவைச் செலுத்தி வந்திருக்கிறார்கள், தொடக்கத்தில் பல வருஷம் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வரை. மேலே தடித்த களிப்பாறை மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பொதுவாகப் பயப்பட வேண்டியது அந்த மூடியைப் பார்த்து அல்ல, அதில் நாமே போட்ட துளைகளைப் பார்த்துத்தான். பழைய கிணறுகளில் இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஊற்றிய சிமென்ட் நாளடைவில் மயிரிழையாக விரிந்துகொடுக்கும். அந்த இழைக்குள் மறுபடி சிமென்ட் கரைசலை ஏற்ற முடியாது, அது கெட்டி. பாக்டீரியா கலந்த நீரோ தண்ணீர் மாதிரியே ஓடும், தண்ணீர் நுழையும் இடத்துக்கெல்லாம் போகும்.

ஈர வயலில் யூரியா போட்ட மறுநாள் மூக்கில் ஏறும் அந்த நெடி தெரியுமில்லையா, அதே வேலைதான் இங்கேயும். ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற மண் பாக்டீரியாவிடம் யூரியேஸ் நொதி நிறைய இருக்கிறது. அது யூரியாவை உடைத்தால் ஒரு பக்கம் அம்மோனியா, இன்னொரு பக்கம் கார்பனேட். கூடவே கால்சியம் கொடுத்தால் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல், அங்கேயே படியும். 60 கிராம் யூரியாவுக்கு அதிகபட்சம் 100 கிராம் கல், கன அளவில் சுமார் 37 மில்லிலிட்டர். 60 கிராம் யூரியாவையும் அதற்கேற்ற கால்சியத்தையும் ஒரு லிட்டரில் கரைத்து அனுப்பினால், அந்த லிட்டர் பிடித்த இடத்தில் நூற்றுக்கு நாலு பங்குகூட அடைபடாது. அதனால்தான் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது.

கணினி வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மிதக்கும் பாக்டீரியா எவ்வளவு, பாறையில் ஒட்டியது எவ்வளவு, ஆக்சிஜன், யூரியா, கால்சியம் எவ்வளவு மிச்சம், புதிதாகப் படிந்த கல் எவ்வளவு என்று நேரம் நகர நகரக் கணக்கு வைக்கிறார்கள். கல் படிந்தால் துளை சுருங்கும், துளை சுருங்கினால் நீர் வேறு வழி தேடும், வழி மாறினால் அடுத்த தவணை போய்ச் சேரும் இடமும் மாறும். வேகமான ஓட்டம் ஒட்டியவற்றைப் பிய்த்துக்கொண்டு போகும், சில பாக்டீரியா தான் படியவைத்த கல்லுக்குள்ளேயே புதைந்து சாகும். இவை எல்லாமே ஒன்றையொன்று இழுப்பதால் காகிதத்தில் போட்டுப் பார்க்க முடியாத கணக்கு இது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தினர் இதற்காக எழுதிய கணினி மாதிரியை, அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மணல் நிரப்பிய குழாய்களில் செய்த சோதனைகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள்.

என்னைக் கேட்டால் இதிலிருந்து கிடைக்கும் மிகப் பெரிய பயன், எப்போது காத்திருக்க வேண்டும் என்று தெரிவதுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இறக்கினால் கல் விரிசலில் படியாது, நாம் ஊற்றுகிற கிணற்று வாயிலேயே படிந்துவிடும். அப்புறம் அந்தக் கிணறு எதற்கும் உதவாது. ஆகவே முதலில் பாக்டீரியா, பின்னால் தள்ளிவிடக் கொஞ்சம் வெறும் நீர், அது ஒட்டிக்கொள்ளச் சில மணி நேரம் ஓட்டத்தை நிறுத்திவைத்தல், பிறகு தீனி, அப்புறம்தான் யூரியாவும் கால்சியமும். எத்தனை மணி நேரம், எவ்வளவு வேகம் என்பதைக் கணினியில் நூறு தடவை தப்பு செய்து தெரிந்துகொள்ளலாம், பூமிக்குள் ஒரு தடவை தப்பினாலே அடைத்துக்கொள்ளும்.

நிஜக் கிணறு அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கிறது. 2014இல், சுமார் 340 மீட்டர் ஆழத்தில் விரிசல் விட்ட மணற்பாறைக்குள் யூரியா-கால்சியம் கரைசலை 24 முறையும் பாக்டீரியாவை 6 முறையும் இறக்கினார்கள். எண்ணெய்க் கிணறுகளில் வழக்கமாகப் பயன்படும் கருவிகளை வைத்தேதான். நிமிடத்துக்கு 1.9 லிட்டர் உள்வாங்கிய விரிசல் முடிவில் 0.47 லிட்டர்தான் வாங்கியது. முழுசாக அடைபடவில்லை என்றாலும் அவ்வளவு ஆழத்தில், முதல் கை போட்டதிலேயே இது பெரிய விஷயம்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் அமிலம் ஆயிற்றே. கட்டிய கல்லையே அது அரித்துவிடாதா?
– கல்லூரி மாணவர், மதுரை

கிளிஞ்சலை வினிகரில் போட்டால் நுரைக்கிற மாதிரிதானே என்கிறீர்கள். சரியான சந்தேகம். ஆனால் கிண்ணத்தில் வினிகரை மாற்றாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கிவிடும், பார்த்திருப்பீர்கள். கல்லைத் தொட்ட நீர் தேங்கி நின்றால் அது சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து நிறைவாகி, மேற்கொண்டு கரைக்க முடியாமல் நின்றுபோகும். புது அமில நீர் ஓடிவந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து. முக்கால்வாசி அடைத்து ஓர் இழை ஓட்டத்தை விட்டுவைப்பதற்கும் ஓட்டத்தையே நிறுத்துவதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருப்பது இதனால்தான். அடைத்து முடித்ததோடு கணக்கை நிறுத்தாமல், அதன்பின் பல ஆண்டுகள் வாயு அந்த அடைப்பில் மோதுவதையும் ஓட்டிப் பார்த்த கணினி மாதிரியைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: ஐஸ்லாந்தில் வாயுவையே கல்லாக்குகிறார்களே, அதுவும் இதுதானா?
– வாசகர், ஈரோடு

இல்லை, அங்கே அந்த வேலைக்குப் பாக்டீரியா தேவையே இல்லை. கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறையான பசால்ட்டுக்குள் அனுப்புகிறார்கள், அந்தப் பாறையே கால்சியம் தருகிறது. 2012இல் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லானதாக 2016இல் அறிவித்தார்கள். பசால்ட் போன்ற பாறை இல்லாத இடத்தில் அந்த வழி பலிக்காது.

கேள்வி: அவ்வளவு ஆழத்துச் சூட்டில் பாக்டீரியா பிழைக்குமா? அம்மோனியா என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற விவசாய அலுவலர், திருவாரூர்

அம்மோனியா அம்மோனியமாக நீரிலேயே தங்கும். 100 கிராம் கல்லுக்கு 36 கிராம் அம்மோனியம். குடிநீர் எடுக்கும் மண் அடுக்குக்குப் பக்கத்தில் செய்தால் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும், இதில் சமரசம் கூடாது.

சூடு அதிகமான ஆழத்தில் இந்தப் பாக்டீரியா தாங்காது. கொஞ்சம் கூடுதல் சூட்டுக்குப் பாக்டீரியாவை விட்டுவிட்டு நொதியை மட்டும் அனுப்பிப் பார்க்கிறார்கள். அதை எடுப்பது ஒருவகை அவரை விதையிலிருந்து, நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தம் அது. 1926இல் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்த நொதியும் அதே விதையின் யூரியேஸ்தான்.