கசகசா அளவில் ஓர் உண்ணி

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒரே மரமும் புதருமாக இருக்கும். மான்கள் வாசல் வரை வரும். போன வாரம் ஐந்து வயதுப் பேரனைக் குளிப்பாட்டும்போது அக்குளில் கறுப்பாக ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்ததாம். ‘லைம்’ என்று ஒரு நோய் வரும் என்று பயப்படுகிறாள். மான்தான் இதைப் பரப்புகிறதா? நாங்கள் சின்ன வயதில் மாட்டுத் தொழுவத்திலேயே கிடந்தோம், எத்தனையோ உண்ணி ஏறியிருக்கிறது, ஒன்றும் ஆனதில்லையே? பேரனிடமிருந்து கைக்குழந்தைக்கு ஒட்டுமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது கடைசிக் கேள்வியாகத்தான் இருக்கும். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பக்கத்தில் படுத்தாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு லைம் நோய் போகாது. கிருமி உள்ள உண்ணி கடித்தால்தான் வரும்.

நான் முப்பது வருடம் தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக இருந்தவன். மாட்டின் காதுக்குள்ளும் மடி ஓரத்திலும் ஆமணக்கு விதை போல உப்பித் தொங்கும் உண்ணிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவன். (ஆமணக்குக்கு லத்தீனில் ரிசினஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள்.) அப்படிப்பட்ட நான் 2016 ஜூனில் கனெக்டிகட்டில் மகன் வீட்டில் இருந்தபோது, முழங்கால் மடிப்பில் ஏதோ கசகசா ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அது போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எட்டுக் கால். கடித்தது எனக்குத் தெரியவே இல்லை. உண்ணியின் எச்சிலில் வலியை மரத்துப்போகச் செய்யும் பொருள்கள் இருக்கின்றன. மூன்று நான்கு நாள் உட்கார்ந்து குடிக்க வேண்டுமே, நாம் சொறிந்தால் அதன் பிழைப்புப் போய்விடும்.

அந்தக் கசகசாதான் உங்கள் மகள் பயப்பட வேண்டிய உண்ணி. அங்கே அதைக் கறுங்கால் உண்ணி என்றும் மான் உண்ணி என்றும் சொல்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் வாழும். அத்தனை நாளில் மூன்றே மூன்று வேளைதான் சாப்பிடும். நோய் பரவும் கதை முழுக்க அந்த மூன்று வேளைக்குள் இருக்கிறது.

முட்டையிலிருந்து கோடையில் வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால். அதன் உடம்பில் லைம் கிருமி இருக்காது, ஏனென்றால் தாய் உண்ணி முட்டை வழியாக இதைக் கொடுப்பதில்லை. குஞ்சின் முதல் சாப்பாடு பெரும்பாலும் ஏதாவது ஒரு சின்னப் பிராணியின் ரத்தம். அந்தப் பகுதியில் வெள்ளைப்பாத எலி என்று ஒன்று உண்டு. பார்க்க அழகான எலி. அதன் உடம்பில் லைம் கிருமி குடியிருக்கும், ஆனால் எலிக்கு ஒன்றும் செய்யாது. கிருமி அங்கேதான் உண்ணிக்குள் போகிறது. குடித்து முடித்த குஞ்சு கீழே விழுந்து, தோலுரித்து, குளிர்காலத்தைச் சருகுக்கடியில் கழித்து, அடுத்த மே மாதம் கசகசா அளவில் இளம் உண்ணியாக எழுந்து வரும். மே முதல் ஜூலை வரை அதற்கு இரண்டாவது வேளை. பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு வெளியே ஓடும் காலமும் அதுதான். வளர்ந்த உண்ணி எள் அளவு இருக்கும், கண்ணில் பட்டுவிடும். இது படாது. மனிதர்களுக்கு நோய் வருவது பெரும்பாலும் இந்த இளம் உண்ணியால்தான்.

மூன்றாவது வேளைக்குத்தான் மான். இலையுதிர் காலத்தில் வளர்ந்த உண்ணிகள் மானின் மேல் ஏறி, அங்கேயே இணைசேர்ந்து, பெண் உண்ணி வயிறு முட்டக் குடித்துவிட்டு விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மானின் உடம்பில் லைம் கிருமி தங்காது. ஆகவே மான் நோயைக் கொடுப்பதில்லை, உண்ணிகளைப் பெருக்கிக் கொடுக்கிறது. மானை விரட்டிவிட்டோம் என்று உங்கள் மகள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. விறகு அடுக்கிலும் கல்சுவர் இடுக்கிலும் எலி இருக்கும்.

மாட்டு உண்ணி உங்களை ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நம் மாட்டு உண்ணி ஒரே மாட்டின் மேல் ஏறி மூன்று பருவத்தையும் அங்கேயே முடித்துக்கொள்ளும், முட்டையிடத்தான் தரைக்கு வரும். எலி, மனிதன், மான் என்று மாறி மாறிக் குடிப்பதில்லை. அதனால் ஒரு மாட்டிடம் வாங்கிய கிருமியை இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோக அதற்குப் பெரும்பாலும் முட்டை வழிதான் உண்டு. மாடு காப்பித் தண்ணி போலச் சிவப்பாக மூத்திரம் போகிறது என்று ஓடிவருவார்களே, பெபீசியா என்ற அந்த நோய் அப்படித்தான் பரவுகிறது. டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சல் என்ற பெயரில் இதை ஆராய்ந்து, உண்ணிதான் காரணம் என்று 1893இல் எழுதியவர்கள் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும். கடித்து ரத்தம் குடிக்கும் ஒன்று நோயைச் சுமக்கும் என்பதற்கு உறுதியான முதல் சான்றுகளில் ஒன்று அது. மாட்டில்தான் அது தெரியவந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை.

லைம் என்பது உங்கள் மகள் இருக்கும் அதே கனெக்டிகட்டில் ஓர் ஊரின் பெயர். 1975 வாக்கில் அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவராக முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனார்கள். மருத்துவர்கள் குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றார்கள். ஒரே ஊரில் இத்தனை பேருக்கு எப்படி வரும் என்று விடாமல் கேட்டவர்கள் இரண்டு தாய்மார்கள். அவர்களில் பாலி மர்ரி என்பவர் குடும்பத்தில் யாருக்கு எப்போது என்ன வந்தது என்று எழுதியே வைத்திருந்தார். அப்புறம்தான் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் வந்து பார்த்தார். மூன்று ஊர்களில் 51 பேர், அதில் 39 பேர் குழந்தைகள். காரணமான கிருமியை 1981இல் மொன்டானாவில் இருந்த வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலுக்குள் சுருள்சுருளாகக் கண்டார். அதன் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அந்தத் தாய்மார்கள் கேட்காமல் விட்டிருந்தால் எத்தனை வருடம் போயிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உங்கள் மகள் பயந்ததில் தவறே இல்லை அம்மா. அவள் கவனித்ததுதான் பேரனுக்குப் பாதி மருந்து.

ஏன் என்றால், லைம் கிருமி உண்ணியின் குடலில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். சூடான ரத்தம் உள்ளே வந்த பிறகு விழித்து, பெருகி, எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து, அப்புறம்தான் நம் உடம்புக்குள் வரும். அதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. எடுத்த உண்ணி தட்டையாக இருந்ததா, உப்பியிருந்ததா என்று மகளிடம் கேளுங்கள். தட்டை என்றால் அது சரியாகக் குடிக்கவே இல்லை. (அதே உண்ணி சுமக்கும் போவாசன் என்ற வைரஸுக்கு இந்தக் கணக்குச் செல்லாது, கால் மணி நேரத்திலேயே இறங்கிவிடும். நல்லவேளை, அது மிக அரிது.)

எடுக்கும் முறையும் முக்கியம். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், வாசலின், பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். கூர்நுனி ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

இனி ஒரு மாதம் பேரனின் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கடித்த இடத்தில் 3 முதல் 30 நாளுக்குள் சிவப்பாக ஒரு தடம் தோன்றி நாளுக்கு நாள் அகலமாகும். பெரும்பாலும் அரிப்போ வலியோ இருக்காது. வளையம் வளையமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தடமே வராது, காய்ச்சலும் உடம்புவலியும் மட்டும் வரும். எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் ரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று காட்டலாம், உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்க நாளாகும். அதனால் தடத்தைப் பார்த்தே மருந்து தொடங்குவார்கள். சீக்கிரம் தொடங்கினால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால்தான் முகவாதம், இதயத் துடிப்பில் கோளாறு, மாதக்கணக்கில் முழங்கால் வீக்கம் என்று போகும்.

உண்ணி பறக்காது, தாவாது, மரத்திலிருந்து குதிக்காது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு, நம் மூச்சையும் சூட்டையும் மோப்பம் பிடித்துக் காத்திருக்கும். உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும். பிள்ளைகள் புல்வெளியின் நடுவில் விளையாடட்டும், மரங்கள் தொடங்கும் ஓரத்துச் சருகில் வேண்டாம். உள்ளே வந்ததும் துணிகளைத் துவைப்பதற்கு முன்பே உலர்த்தும் இயந்திரத்தில் நல்ல சூட்டில் பத்து நிமிடம் போடலாம், உண்ணி செத்துவிடும். தினமும் சாயங்காலம் அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, தொப்புள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

கேள்வி: நம் ஊர்ச் செய்தியில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்கிறார்களே, அதுவும் இதுதானா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: இல்லை. அது ஸ்கரப் டைஃபஸ். கடிப்பது உண்ணியும் இல்லை, புதரில் வாழும் ஒரு சின்னச் சிலந்திப்பேனின் குஞ்சு. வெறும் கண்ணுக்குத் தெரிவதே கடினம். அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் எலியையோ நம்மையோ கடிக்கும். ஆகவே அதன் கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறது. கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட் சுட்ட தழும்பு போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், பெரும்பாலும் இடுப்பிலோ இடுக்கிலோ மறைந்திருக்கும். விடாத காய்ச்சலோடு அப்படி ஒன்றைப் பார்த்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: காட்டோரத்தில் குரங்கு செத்துக் கிடந்தால் நாங்களே புதைத்துவிடலாமா?
- ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பக்கத்திலேயே போகாதீர்கள். 1957இல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் தெரியவந்த குரங்குக் காய்ச்சலும் உண்ணி பரப்பும் நோய்தான். 2012-13இல் அது உங்களுக்கு அடுத்திருக்கும் பந்திப்பூரிலும் வந்தது. குரங்கு செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன் மேலிருக்கும் உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவி நிற்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். மாடுகளை அந்தப் பக்கம் மேய விடாதீர்கள்.