ஐஸ் ஹாக்கியில் ‘பாயிண்ட்’ என்பது என்ன? வேய்ன் கிரெட்ஸ்கியின் பாயிண்ட் சாதனையை யாராலும் நெருங்க முடியாதது ஏன்?

ஒருவர் கோல் அடித்தால் அவருக்கு ஒரு பாயிண்ட். அந்தக் கோலுக்குப் பந்தை (ஐஸ் ஹாக்கியில் அது தட்டையான ரப்பர் வட்டு) கடைசியாகக் கடத்திக் கொடுத்த அதிகபட்சம் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட். இதற்கு ‘அசிஸ்ட்’ என்று பெயர்.

கனடாவின் கிரெட்ஸ்கி 1979 முதல் 1999 வரை வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல். லீக்கில் ஆடி 894 கோல், 1,963 அசிஸ்ட், ஆக மொத்தம் 2,857 பாயிண்ட் எடுத்தார். பட்டியலில் அடுத்து நிற்கும் யாரோமிர் யாகரின் மொத்தப் பாயிண்டே 1,921தான். கிரெட்ஸ்கி கோலே அடிக்காமல் இருந்திருந்தாலும் முதலிடம் அவருக்குத்தான்!

ஆள் ஒல்லி, முரட்டு ஆட்டக்காரரும் இல்லை. அவருடைய பலம் நிற்கும் இடம்: எதிரணி வலைக்குப் பின்பக்கம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேரத்தில் தட்டப்பட்டால் எப்படி இருக்கும்? கோல்கீப்பரின் நிலை அதுதான். பின்னால் கிரெட்ஸ்கியைப் பார்ப்பதா, முன்னால் ஓடிவருபவரைப் பார்ப்பதா? அந்தத் தடுமாற்றத்தில் வட்டு முன்னே போய்விடும். அவர் ஆடிய எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் யாரி குர்ரி, மார்க் மெஸ்ஸியே போன்ற சிறந்த வீரர்கள் கூட இருந்ததும், 80களில் பொதுவாகவே கோல் மழை பொழிந்ததும் உதவின என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அணியுடன் 4 ஸ்டான்லி கோப்பைகள் (என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் கோப்பை) வென்றார். அப்புறம், அவருடைய 99ஆம் எண்ணை இப்போது லீக்கில் எந்த அணியிலும் யாரும் அணிய முடியாது.

2025இல் அலெக்சாண்டர் ஒவெச்கின் முறியடித்தது கோல் சாதனையை மட்டும்தான். பாயிண்ட், அசிஸ்ட் சாதனைகள் இன்னும் கிரெட்ஸ்கியிடமே இருக்கின்றன.