இடுப்பை முன்னே தள்ளு, மற்றதை விடு: ஸ்கைடைவிங் கேள்வி பதில்

ஸ்கைடைவிங் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: ஆகாயத்தில் விழும்போது உடம்பு ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை? நான் ஃப்ளோரிடாவில் பயிற்சியாளராக இருக்கிறேன். அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ வகுத்த முறையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பதில்களும் அதை ஒட்டியவைதான். இதைப் படித்துவிட்டு யாரும் நேராக விமானம் ஏறிவிட வேண்டாம். இது தரையில், ஆள் முன்னால் நின்று, திட்டு வாங்கிக் கற்க வேண்டிய வித்தை.

துபாயில் ஒருமுறை டேண்டம் குதித்தேன். தனியாகக் குதிக்க வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

டேண்டத்தில், அதாவது பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பதில், நீங்கள் பயணி, அவ்வளவுதான். ஓட்டியவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார். தனியாகக் குதிக்க இன்று பெரும்பாலோர் போகும் வழி ஏஎஃப்எஃப் (ஆக்செலரேட்டட் ஃப்ரீஃபால்), 1980களில் பரவிய முறை. ஒரு நாள் முழுக்கத் தரைப் பயிற்சி. பிறகு முதல் குதிப்பே சுமார் 13,000 அடியிலிருந்து, உங்கள் முதுகில் உங்கள் பாராசூட்டோடு. முதல் மூன்று குதிப்புகளில் இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள் உங்களைப் பிடித்தபடியே விழுவார்கள். நீங்கள் நிலையாக இருப்பது தெரிந்த பிறகுதான், மூன்றாவது குதிப்பில், கையை விடுவார்கள். முதல் படியான ஏ உரிமம் வாங்கக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பவர்கள் உண்டு. மாதம் ஒன்று என்று இழுப்பவர்களும் உண்டு, அவர்கள் ஒவ்வொரு முறையும் பாதியை மறந்துவிட்டு வருவார்கள். பணம் சேர்த்துக்கொண்டு ஒரே தவணையில் முடிப்பது நல்லது.

'ஆர்ச்', 'ஆர்ச்' என்று எல்லா வீடியோவிலும் கத்துகிறார்கள். அது என்ன, ஏன் அவ்வளவு முக்கியம்?

இறகுப்பந்தை எப்படி வேண்டுமானாலும் தூக்கிப் போடுங்கள், தக்கைதான் கீழே வரும், இறகு மேலே இருக்கும். ஆர்ச் என்பது உங்கள் உடம்பை அந்தப் பந்தாக மாற்றுவது. இடுப்பு தக்கை. கையும் காலும் இறகு. இடுப்பைத் தரையை நோக்கித் தள்ளினால் உடம்பின் கனம் கீழே இறங்குகிறது, காற்றின் எதிர்ப்பு கை கால்களில் மேலே இருக்கிறது. அதற்குப் பிறகு கவிழ வேண்டும் என்றால் நீங்கள்தான் முயற்சி செய்து கவிழ வேண்டும்.

மேல் கை தோளிலிருந்து நேராகப் பக்கவாட்டில், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, உள்ளங்கை கீழ்நோக்கி. முழங்கால் சுமார் 45 பாகை மடங்கியிருக்கும். முகவாய் மேலே. யோகா செய்பவர்களுக்குச் சொல்வதென்றால் தனுராசனத்தில் பாதி தூரம் போய், காலைப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்ட மாதிரி.

இப்போது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் இதைக் கண்டுபிடிக்கவே ஆட்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பிரெஞ்சு ராணுவப் பாராசூட் வீரரான லியோ வாலெந்தின் 1940களின் இறுதியில் கை கால்களை விரித்து, முதுகை வளைத்து விழும் நிலையைச் செம்மைப்படுத்தினார். அதை பிரான்சில் கற்ற ஜாக் இஸ்டெல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1959ல் மாசசூசெட்ஸில் ஆரஞ்ச் என்ற ஊரில் பொதுமக்களுக்கான பாராசூட் மையத்தைத் தொடங்கினார். வாலெந்தினோ அதோடு நிற்கவில்லை, மர இறக்கை கட்டிப் பறக்கப் போய் 1956ல் லிவர்பூல் விமானக் காட்சியில் உயிரை விட்டார்.

அண்ணா, மூன்று குதிப்பு முடிந்துவிட்டது. ஆர்ச் செய்கிறேன், ஆனாலும் உடம்பு தடதடவென்று ஆடுகிறது. பலமாகப் பிடித்தால் இன்னும் ஆடுகிறது. என்ன தப்பு?

பலமாகப் பிடிப்பதுதான் தப்பு, தம்பி.

ஆங்கிலத்தில் இதற்கு உருளைக்கிழங்கு வறுவல் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் மாணவர்களிடம் அப்பளம் என்பேன். எண்ணெயில் போட்ட அப்பளம் இந்தப் பக்கம் தூக்கும், அந்தப் பக்கம் தூக்கும், அதேதான். விறைப்பான பலகையைக் காற்று தட்டும். தளர்ந்த உடம்பைத் தழுவிக்கொண்டு போகும். கிணற்றில் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதா? விறைத்தவன் மூழ்குவான், விட்டவன் மிதப்பான். இங்கேயும் அந்தக் கதைதான். ஒரே ஒரு வித்தியாசம்: இடுப்பு மட்டும் தளரக்கூடாது. அதை முன்னே தள்ளிவிட்டு, தோள், கை, விரல், முகம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்.

என் கதையையே சொல்கிறேன். பயிற்சியாளர்கள் முதன்முதலாகக் கையை விடும் குதிப்பு மூன்றாவது. அதை நான் மூன்று முறை செய்தேன். முதல் முறை விட்ட உடனே சுற்றினேன், இரண்டாவது முறையும் சுற்றினேன். கீழே வந்து, நான் ஆர்ச் செய்தேனே என்று வாதாடினேன். வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். இடுப்பு சரி. ஆனால் குதிகால் இரண்டும் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன, அதுவும் ஒன்று மேலே, ஒன்று கீழே. எனக்கு அது தெரியவே இல்லை. பார்க்க முடியாத உறுப்பு என்பதால் பயத்தில் முதலில் மறந்துபோவது கால்தான்.

அதனால் உங்களுக்குச் சொல்வது: கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இரண்டு முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பிலும் காற்று சமமாக அழுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தம் தெரியவில்லை என்றால் கால் மடங்கிவிட்டது என்று பொருள், கொஞ்சம் நீட்டுங்கள். பயிற்சியாளர் உங்கள் முகத்துக்கு முன் இரண்டு விரலை நீட்டிக் காட்டுவாரே, அது இதற்குத்தான். கையை ஆட்டிக் காட்டினால் "தளர்த்து" என்று பொருள். அப்புறம், மூச்சை வெளியே விடுங்கள். முழு மூச்சை வெளியே விட்டபடி தோளை விறைப்பது கஷ்டம், இப்போதே உட்கார்ந்த இடத்தில் செய்து பாருங்கள். சிரிக்கச் சொல்வதும் அதனால்தான். போட்டோவுக்கு அல்ல.

காலை நீட்டினால் முன்னால் ஓடுகிறேன், மடக்கினால் பின்னால் போகிறேன். நடுவில் நிற்பது எப்படி?

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள், பாதிக் கணக்கு முடிந்துவிட்டது. கால் நீண்டால் முன்னோக்கி நகர்வு. கையை முன்னே நீட்டி, காலையும் மடக்கினால் பின்னோக்கி வழுக்கல். பயந்த மாணவர் காற்றைத் தடுப்பதுபோலக் கையை முன்னே நீட்டுவார், அதனால் அனேகமாக எல்லோரும் முதலில் பின்னோக்கித்தான் போவார்கள். எதிரே இருக்கும் பயிற்சியாளரைப் பார்த்தபடி இருங்கள். அவர் தூரம் போவதாகத் தோன்றினால் போவது நீங்கள்தான்.

கதவில் நின்றபோது சரியாகத்தான் இருந்தேன். வெளியே போன முதல் 5 வினாடி தலைகீழ். ஏன்?

தரையைப் பார்த்துக் குதித்திருப்பீர்கள். விமானம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கதவை விட்ட கணத்தில் காற்று கீழிருந்து வருவதில்லை, விமானம் போகும் திசையிலிருந்து, பக்கவாட்டாக வருகிறது. உங்கள் வயிற்றைக் காட்ட வேண்டியது அந்தக் காற்றுக்கு. தரைக்கு அல்ல. பிறகு முன்னோக்கிய வேகம் குறைந்து, நீங்கள் வளைந்து விழ விழ, காற்று மெல்லக் கீழே இறங்குகிறது. 10 வினாடியில் சுமார் 1,000 அடி இறங்கி, மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நிலைத்துவிடுவீர்கள். அதுவரை அடிவானம் சாய்ந்து தெரியும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். சறுக்குமரத்தில் வழுக்கும்போது நிமிர்ந்து நிற்கப் பார்ப்பவன் விழுவான் இல்லையா.

ராட்டினத்தில் வருவதுபோல வயிற்றைப் புரட்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அனேகமாக வராது. சும்மா நின்ற இடத்திலிருந்து விழவில்லை, ஏற்கெனவே வேகத்தோடுதான் வெளியே போகிறீர்கள்.

சுழற்சி வந்தால் மயக்கம் போட்டுவிடுமாமே? பயமாக இருக்கிறது.

பயம் வரக் காரணம் பழைய கதைகள். 1959ல் அமெரிக்க விமானப்படை அதிகாரி கிட்டிங்கர் 76,000 அடிக்கு மேலிருந்து குதித்தபோது சிறு பாராசூட் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, நிமிடத்துக்கு 120 சுற்று என்ற கணக்கில் சுழன்று மயங்கினார். தானாகத் திறந்த பாராசூட்தான் காப்பாற்றியது. 2012ல் ஆஸ்திரிய ஸ்கைடைவர் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தபோதும் சுழன்றார். ஆனால் அங்கே பிடிப்பதற்குக் காற்றே இல்லை. அடர்ந்த காற்றுக்கு வந்ததும் அவரே நிலைக்கு வந்துவிட்டார். நீங்கள் குதிக்கும் 13,000 அடியில் காற்று தாராளம்.

மாணவர்களின் சுழற்சிக்குக் காரணம் அனேகமாக ஒரு பக்கம் தாழ்ந்த கால், அல்லது மணிக்கட்டில் உயரம் காட்டும் அல்டிமீட்டரைப் பார்க்கத் தோளோடு சேர்த்து இழுத்த இடது கை. மணிக்கட்டைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் போதும், தோளை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். சுற்ற ஆரம்பித்தால் வரிசை இதுதான்: உயரத்தைப் பார், ஆர்ச், கால், தளர்வு. எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிப்பது இவற்றுக்குப் பிறகு.

மல்லாந்து விழுந்துவிட்டால்?

படுக்கையிலிருந்து எழுவதுபோல ஒரு பக்கமாக உருளுங்கள். ஒரு கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், அந்தப் பக்கம் பார்த்து, கவிழ்ந்ததும் ஆர்ச். ஆனால் இதற்கு 5 வினாடிதான் தவணை. 5 வினாடி என்றால் சுமார் 900 அடி. அதற்குள் கட்டுக்குள் வரவில்லை என்றால், எப்படி இருக்கிறீர்களோ அப்படியே பாராசூட்டைத் திறந்துவிடுங்கள்.

இதை இரண்டு முறை படியுங்கள். நல்ல மாணவர்கள் தடுமாறும் இடம் இது. முன்னுரிமை வரிசையில் முதலில் திற. இரண்டாவது, சரியான உயரத்தில் திற. நிலையாக இருந்து திறப்பது மூன்றாவதுதான். அழகாக விழ வேண்டும் என்ற ஆசையில் உயரத்தை மறப்பவரைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும், உருண்டு புரண்டு 5,500 அடியில் இழுத்தவரைக் கண்டு அல்ல. முதல் குதிப்புகளில் 5,500 அடியில் திறக்கச் சொல்வதே அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் விட்டுத்தான். நீங்கள் எதுவுமே செய்யாவிட்டால் சுமார் 750 அடியில் ரிசர்வை, அதாவது இரண்டாவது பாராசூட்டை, திறக்கும் கருவி பையில் இருக்கிறது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது எல்லாம் தவறிய பிறகு வரும் ஆள்.

திறக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனதும் ஒரு பக்கம் சாய்கிறேன்.

வலது கை பிடியைத் தேடிப் போகும்போது இடது கை சும்மா இருக்கிறது, அதனால்தான். வலது கை பின்னால் போகும் அதே நேரத்தில் இடது கையைத் தலைக்கு மேலே, நெற்றிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து திரும்ப வேண்டும். முகவாயை இறக்கிப் பிடியைப் பார்க்காதீர்கள். வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு 50 முறை செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூச்சு விட முடியுமா?

முடியும். 1919ல் லெஸ்லி இர்வின் தானே இழுத்துத் திறக்கும் பாராசூட்டோடு குதித்துக் காட்டும்வரை, விழும்போதே மனிதன் நினைவிழந்துவிடுவான் என்று பலர் நம்பினார்கள். அவருக்குக் கணுக்கால் உடைந்தது, அதுவும் தரை இறங்கும்போது. நீங்கள் மூச்சு முட்டுவதாக உணர்ந்தால் அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கத்துங்கள், தானாக வரும்.

முதலில் காற்றுக் குழாயில் (கீழிருந்து காற்றை வீசி ஆளை மிதக்க வைக்கும் விண்ட் டனல்) பழகினால் பணம் மிச்சமாகுமா? ஹைதராபாத்தில் ஒன்று வந்திருக்கிறதாமே.

வந்திருக்கிறது. சிங்கப்பூர், துபாய் என்று நம் ஆட்கள் இருக்கும் ஊர்களிலும் உண்டு. ஒரு குதிப்பில் உங்களுக்குக் கிடைக்கும் ஃப்ரீஃபால், அதாவது பாராசூட் திறக்கும்வரை விழும் நேரம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. குழாயில் 10 நிமிடம் என்பது பத்துக் குதிப்புக்கு மேல். கால் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. என்னைக் கேட்டால், குதிப்பைத் திரும்பச் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் 15, 20 நிமிடம் குழாய்க்குக் கொடுத்தது வீணாகாது. ஆனால் அங்கே கதவும் இல்லை, உயரமும் இல்லை. குழாயில் நன்றாகப் பழகிய மாணவர் மேலே போய் சொகுசாக மிதந்துகொண்டே அல்டிமீட்டரை மறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எடை 98 கிலோ. கண்ணாடி வேறு போடுகிறேன். அந்தமானில் ஸ்கூபா முடித்துவிட்டு வரலாமா? (மூன்று பேர் கேட்டதைச் சேர்த்துவிட்டேன்)

எடை: பல தளங்களில் 100 கிலோவை ஒட்டி வரம்பு இருக்கும், உங்கள் தளத்தில் கேளுங்கள். கனமானவர் வேகமாக விழுவார், அதற்குத் தொளதொளப்பான உடை கொடுப்பார்கள். கண்ணாடி: மேலே அணியும் பெரிய கண்கவசம் இருக்கிறது, கழற்ற வேண்டாம். ஸ்கூபா: 24 மணி நேரம் கழித்து.

வரும் சனிக்கிழமை முதல் குதிப்பு. இன்றைக்கு ராத்திரி என்ன செய்யட்டும் சார்?

தரையில் குப்புறப் படுங்கள். நெஞ்சும் தொடையும் தரையை விட்டு எழும்பட்டும், இடுப்பு மட்டும் தரையில். 30 வினாடி, பிறகு ஓய்வு, மறுபடியும். அந்த நிலையிலேயே இடது மணிக்கட்டைப் பாருங்கள், வலது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொடுங்கள், திரும்புங்கள். நடுவில் உங்கள் பெயரை யாராவது கூப்பிட்டால் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தளர்ந்திருக்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். விமானம் மேலே ஏறப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில்தான் தலை சுற்றும்.