மொட்டை வேண்டாம் பிள்ளை, சீப்பை எடுங்கள்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார், கிளிநொச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது)

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. இடுப்பளவு முடி. இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து தலை முழுக்கப் பேன். பாமசியில் பேர்மெத்ரின் லோஷன் வாங்கிப் பூசினேன். ஒரு கிழமை சொறிச்சல் இல்லை, பிறகு பழையபடி. மாமி மண்ணெண்ணெய் வைக்கச் சொல்கிறா, இல்லையென்றால் மொட்டை அடி என்கிறா. மகள் அழுகிறாள். என்ன செய்ய?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: முதலில் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூர வையுங்கள். மண்ணெண்ணெய் ஊறிய தலையோடு பிள்ளை விறகடுப்புப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தீப் பிடிக்காவிட்டாலும் தோல் வெந்து கொப்புளிக்கும். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தோல் வழியே உடம்புக்குள் இறங்கும் நஞ்சு, பிள்ளையின் உயிரே போகலாம்.

மாமியை நான் குறை சொல்லமாட்டேன். 2009 இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் நெருக்கியடித்துப் படுத்தோம், குடிக்கத் தண்ணீருக்கே வரிசை. முழுக வழியில்லாத அந்த நேரத்தில் தாய்மார் பிள்ளைகளின் முடியை வெட்டியது சரிதான். இன்று உங்கள் வளவில் கிணறு இருக்கிறது. பிள்ளை ஆசையாக வளர்த்த முடியை ஏன் வெட்ட வேண்டும்?

லோஷன் ஏன் பலிக்கவில்லை என்றால், அது ஊர்கிற பேனைக் கொன்றது, ஈரை முழுதாகக் கொல்லவில்லை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். நீங்கள் சொல்லும் "ஒரு கிழமை" அதுதான். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள், அதாவது முதல் பூச்சிலிருந்து ஒன்பதாம் நாள், இரண்டாம் முறை பூச வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாம் முறையைத்தான் விட்டுவிடுகிறார்கள். கொண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் கழுவி, துவாயால் ஈரம் ஒற்றி, 1 சதவீத லோஷனைப் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள். மறுநாளும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்துக்கு அது அசையாது என்று அர்த்தம். டைமெதிகோன் இருக்கிறதா என்று பாமசியில் கேளுங்கள். அது பேனை மூடிக் கொல்லும்.

எனக்கு மருந்தைவிடச் சீப்பில்தான் நம்பிக்கை. முழுக வார்த்து, ஈரத் தலைக்குக் கொண்டிஷனர் தாராளமாகப் பூசுங்கள். வழுக்கலில் பேனால் ஓட முடியாது. பெரிய சீப்பால் சிக்கெடுத்து, முடியைச் சின்னச் சின்னப் பிரிவாகப் பிரித்து, பேன்சீப்பின் பல் தலைத்தோலைத் தொட அடியிலிருந்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள்ளளவில் மண்ணிறமாகக் கால் அசைந்தால் அதுதான் பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு மடங்கு நேரம் செலவழியுங்கள், அங்கேதான் கூட்டமாக இருக்கும். நீள முடிக்கு ஒரு மணித்தியாலம் போகும். வெளிச்சத்தில் திண்ணையில் இருத்தி, பிள்ளையோடு கதைத்துக்கொண்டே செய்யுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு கிழமை. அப்புறமும் ஓரிரு முறை பார்த்துவிடுங்கள்.

அதே நாளில் வீட்டில் எல்லாருடைய தலையும் பார்க்க வேண்டும், மாமியின் கொண்டையும் சேர்த்து. பேன் உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து போதும். பேன் பாயாது, பறக்காது. தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து ஏறும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். அதனால் பாய், மெத்தை எல்லாம் எரிக்கத் தேவையில்லை. தலையணை உறையைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், போதும்.

பள்ளிக்கூடத்தை மறிக்காதீர்கள். இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புங்கள், வகுப்பு ரீச்சருக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்த வாங்குப் பிள்ளையின் தலையும் பார்த்தால்தான் உங்கள் வேலை வீணாகாது. யாராவது "ஊத்தைப் பிள்ளை" என்றால் உடனே மறுத்துச் சொல்லுங்கள். தினம் முழுகுகிற தலையிலும் பேன் ஏறும். அந்தச் சொல் பிள்ளையின் மனதில் தங்குவதுதான் எனக்குப் பயம்.

கேள்வி: மருந்து வைத்த பிறகும் முடியில் வெள்ளையாக ஈர் ஒட்டியிருக்கிறது. இன்னும் உயிரோடா?
– ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: தலைத்தோலிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆகவே தோலை விட்டு அவ்வளவு தள்ளியிருக்கும் வெள்ளை ஈர் பெரும்பாலும் பொரித்துப் போன வெறுங்கோது. தோலை ஒட்டி மண்ணிறமாக இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். பொடுகென்றால் நகத்தால் தட்டினாலே விழும். ஈர் முடியில் ஒட்டிக்கொண்டு நகராது, இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பேர்மெத்ரின் பூசக்கூடாது, சீப்பு மட்டும்தான்.