மோனேயின் குடைப் பெண்: வெள்ளை உடைக்குள் எத்தனை நிறம்!

பாரிஸ் அருகே ஆர்ஜாந்தேயில் குடியிருந்தபோது, 1875இல் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தீட்டிய ‘குடையுடன் பெண்’ ஓவியம் பற்றி வந்த கேள்விகள் இவை. புல்மேட்டில் குடையோடு மனைவி கமீல், சற்றுத் தள்ளி மகன் ழான். இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கமீலின் உடை வெள்ளைதானே? ஏன் நீலமும் சாம்பலுமாகத் தெரிகிறது?

முதலில் வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சூரியன் அவருக்குப் பின்னால். அதனால் குடையின் மேற்புறமும் முதுகுப்பக்கத் துணியும் மட்டும் பளிச்சென்று வெளுத்திருக்கின்றன. நம்மைப் பார்த்த பக்கம் நிழல். ஆனால் வெட்டவெளி நிழல் இருட்டல்ல. வெயில் எட்டாத இடத்திலும் நீல வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருக்கும். அந்த நீலம்தான் உடையில். காலை வெயிலில் கொடியில் காயும் வெள்ளைத் துணியின் மடிப்பைப் பாருங்கள், புரியும். அப்புறம், உடையின் முன்பக்கத்தில் மஞ்சள் கீற்றுகள் இருக்கின்றனவே, அவை காலடியில் பூத்த காட்டுப்பூக்களின் எதிரொளி. எனக்கு இந்த ஓவியத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

அப்படியானால் நிழலுக்குக் கறுப்பே கூடாதா?

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. மோனேயின் நண்பர், ஓவியர் எதுவார் மானே கறுப்பை அற்புதமாகக் கையாண்டவர். ஆனால் வெயில் காட்சியில் எல்லா நிழலுக்கும் கறுப்பைக் கலந்தால் நிறம் செத்துவிடும். மோனேயின் புல்நிழல் அடர்பச்சை. இருந்தும் அது நிழல்தான் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

தோலிலும் இப்படி நிறம் சேர்க்கலாமா?

தாராளமாக. மோனேயின் சக ஓவியர் ரெனுவார் மரத்தடியில் இருக்கும் பெண்ணின் உடலில் பச்சையும் ஊதாவுமாக ஒளித்திட்டுகள் தீட்டினார். 1876 கண்காட்சியில் அதைப் பார்த்த ஒரு பத்திரிகை விமர்சகர் அழுகும் சதை என்று எழுதினார். பாவம், இலைகளுக்கிடையே வடியும் வெளிச்சத்தை அவர் பார்க்கவில்லை.

கமீலின் முகம் ஏன் தெளிவாக இல்லை?

காற்றில் முகத்திரை குறுக்கே பறக்கிறது. திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கணம்தான் படம்.

இதையே மோனே மறுபடி வரைந்தாரா?

சரியாக இதையே அல்ல. 1886இல் ஜிவெர்னி என்ற ஊரில், குடை பிடித்த பெண்ணை வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பியவளாக இரண்டு ஓவியங்கள் தீட்டினார். இரண்டும் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. கமீல் 1879இலேயே இறந்துவிட்டார். இவற்றில் நின்றவர், மோனே பின்னர் மணந்த அலிஸின் மகள் சூசான் ஒஷெதே. முகத்தில் கண், மூக்கு எதுவும் துலங்காது. குடை, காற்று, வெளிச்சம் மட்டும் அப்படியே.