ஜெர்மனி முனைவர் பட்டம்: ‘பிஎச்.டி.’ என்று போடாவிட்டால் செல்லாதா?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் வேதியியல் ஆராய்ச்சி முடித்திருக்கிறாள். சான்றிதழில் ‘டாக்டர் ரெர். நாட்.’ என்றுதான் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த கல்லூரியில் “இது பிஎச்.டி. இல்லையே” என்கிறார்கள். பணம் கொடுத்தால் பிஎச்.டி.யாக மாற்றித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், கரூர்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் ஐயா. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு யாரும் அதன் பெயரில் கை வைக்க முடியாது. ஏஜென்ட் ‘மாற்றி’க் கொடுப்பது போலிச் சான்றிதழ். சரிபார்ப்பில் பிடிபட்டால் அவர் செல்போனை அணைத்துவிடுவார். மாட்டிக்கொள்வது உங்கள் மகள்.

ஜெர்மனியில் முனைவர் பட்டத்தின் பெயரிலேயே துறையும் வந்துவிடும். இயற்கை அறிவியலுக்கு ரெர். நாட்., பொறியியலுக்கு டாக்டர் இங்., வரலாறு, மொழி போன்றவற்றுக்கு டாக்டர் ஃபில். மூன்றும் ஒரே படிதான். ஆக்ஸ்ஃபோர்டுகூட ‘டி.ஃபில்.’ என்றுதான் தருகிறது. அதை மட்டும் நம் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை! ரஷ்யாவில் ‘காண்டிடாட்’ பட்டம்தான் பிஎச்.டி.க்கு நிகர், அங்கே ‘டாக்டர்’ அதற்கும் ஒரு படி மேல்.

மருத்துவத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஜெர்மனியின் ‘டாக்டர் மெட்.’ பெரும்பாலும் மருத்துவப் படிப்போடு சேர்த்தே ஆய்வேடு எழுதி வாங்குவது. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றமே அதை மட்டும் வைத்துக்கொண்டு பிஎச்.டி.க்குச் சமம் என்று ஏற்பதில்லை. அதேபோல, ரஷ்யா பக்கம் ஆறு வருடம் படித்து வாங்கிவரும் ‘எம்.டி.’ நம் எம்.பி.பி.எஸ். அளவுதான், நம் ஊர் எம்.டி. அதற்குப் பிறகு படிக்கிற மேற்படிப்பு. சொந்தக்காரர்கள் இதையும் உங்கள் மகள் பட்டத்தையும் போட்டுக் குழப்புவார்கள். காதில் வாங்காதீர்கள்.

உங்களுக்குத் தேவை சமநிலைச் சான்றிதழ், அதாவது வெளிநாட்டுப் பட்டம் நம் ஊரின் எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் சான்று. வழக்கமாக இதைத் தில்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயூ, தந்துவந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்கென்று தனி விதிகளை அறிவித்தது. ஆகவே இப்போது எங்கே விண்ணப்பிப்பது என்று யுஜிசி இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மகளே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், தரகர் எதற்கு? கூடவே அவர் படித்த துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘இது ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்தில் 8ஆம் நிலை, முனைவர் பட்டம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். (ஐரோப்பாவில் படிப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தும் பட்டியல்தான் இந்தச் சட்டகம்.) கல்லூரி எழுத்தருக்குப் பட்டத்தைவிட இந்தக் கடிதம்தான் புரியும்.

இத்தனை வருடமாக வெளிநாட்டில் படித்தவர்கள் திரும்பி வருகிறார்கள். இன்னமும் விண்ணப்பப் படிவத்தில் ‘பிஎச்.டி.’ தவிர வேறு கட்டம் கிடையாது. என்னத்தைச் சொல்ல! அந்தக் கட்டத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பட்டத்தின் பெயரைக் கேட்கும் இடத்தில் சான்றிதழில் உள்ளபடி, எழுத்து மாறாமல் எழுத வேண்டும்.

இன்னொன்று. ஜெர்மனியில் பொதுவாக ஆய்வேட்டை வெளியிட்ட பிறகுதான் பட்டச் சான்றிதழ் கைக்கு வரும். மகளிடம் இருப்பது அதுதானா, இல்லை தேர்வு முடிந்ததற்கான தற்காலிகச் சான்றா என்று முதலில் கேளுங்கள். தற்காலிகம் என்றால், அசல் வந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.